அவனின்றி ஒரு குக்கி

மக்களே, முதல்ல ஒரு விளக்கம். தலைப்புல இருக்கிற 'அவன்' ஆண்டவன் இல்லை. கேக், பிஸ்கட் எல்லாம் வேக வைக்கிற அவன். ஆன்மிகப் பதிவுன்னு நினைச்சு ஓடி வந்தவங்க, வந்ததும் வந்தீங்க, உக்காந்து ஒரு குக்கி சாப்பிட்டுட்டுப் போங்க :-)

விஷயம் இதுதான். கோகோ, சர்க்கரை, பால், வெண்ணெய் நாலையும் ஒண்ணாக் கொதிக்க விட்டு, அதுல ஓட்ஸைக் கொட்டிக் கிளறி, கரண்டி கரண்டியா தட்டுல வெச்சு ஆற விட்டா சாக்லேட் ஓட்ஸ் குக்கி ரெடி. அவன் வேண்டாம், கோதுமை மாவும் வேண்டாம். அமெரிக்காவுல இதுக்குப் 'பாதிரியார் குக்கி'ன்னு ஒரு பட்டப்பேர் உண்டு. பாதிரியார் தெருமுனையில வர்றதைப் பாத்துட்டு அடுப்பைப் பத்த வெச்சா, அவர் வந்து உக்கார்றதுக்குள்ள பலகாரம் தயாராயிடுமாம். கதை நிஜமோ பொய்யோ, வேகம் நிஜம்.

இரும்புலியூர்ல உக்காந்துகிட்டு இதை நான் ஏன் செய்யணும்? எங்க டீம்ல ஒரு ஹரியானாக்காரப் பையன் இருக்கான். ஆபீஸ்ல யாருக்குப் பொறந்தநாள் வந்தாலும் கேக் வெட்டும்போது கை தட்டுவான், பாட்டு பாடுவான், ஒரு துண்டு கூட எடுக்க மாட்டான். அவனுக்குச் சீலியாக் நோய். கோதுமை, பார்லி, ரை மூணும் ஆகாது. சப்பாத்தியும் பராத்தாவும் சாப்பிட்டு வளர்ந்த ஊர்க்காரனுக்கு இப்படி ஒரு நோய். பொழைப்புக்காக சென்னைக்கு வந்து, இட்லியைப் பாத்ததும்தான் நிம்மதியா மூச்சு விட்டானாம். அவனுக்காக ஆணி புடுங்குற நேரம் போக மிச்ச நேரத்துல கொஞ்சம் படிச்சேன். படிக்கப் படிக்க ஒவ்வொரு பொருளும் ஒரு பெரிய கதையை இழுத்துக்கிட்டு வந்து நின்னுது. அதைத்தான் இங்க கொட்டறேன்.

ரொட்டி இல்லாத குளிர்காலம்

சீலியாக் புது நோய் இல்லை. 1888-லயே லண்டன் டாக்டர் சாமுவேல் ஜீ இதைப் பத்தித் தெளிவா எழுதியிருக்கார். குழந்தைங்க வயிறு உப்பி, உடம்பு மெலிஞ்சு, வயித்துப்போக்குல நலிஞ்சு போவாங்க. சாப்பாட்டை மாத்தினாதான் குணமாகும்னு அவர் சொன்னார். எந்தச் சாப்பாட்டைன்னு அவருக்குப் பிடிபடல. 1924-ல அமெரிக்காவுல சிட்னி ஹாஸ்னு ஒரு டாக்டர் வாழைப்பழ வைத்தியம் கொண்டு வந்தார். நோயாளிகளுக்கு வாழைப்பழம் கொடுத்தார், ரொட்டியை நிறுத்தினார், குழந்தைங்க தேறினாங்க. புகழ் பூரா வாழைப்பழத்துக்குப் போச்சு, ரொட்டியை நிறுத்தினதை யாரும் கவனிக்கல! பக் எங்க இருக்குன்னு தெரியாமலே சரி பண்ற வேலை நம்ம தொழில்லயும் உண்டுங்கறதால அவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

பக்கைக் கண்டுபிடிச்சவர் வில்லெம் கரெல் டிக்கெ. நெதர்லாந்துக்காரர், குழந்தைகள் மருத்துவர். 1930-களிலேயே அவருக்குக் கோதுமை மேல சந்தேகம். 1944-45 குளிர்காலத்துல ஜெர்மன் ஆக்கிரமிப்புல இருந்த மேற்கு நெதர்லாந்துக்கு உணவு வரத்து நின்னு போச்சு. ஏறக்குறைய 20,000 பேர் பசியால செத்தாங்க. ஜனங்க துலிப் கிழங்கைத் தின்னு உயிர் பிழைச்ச காலம். ஊரே பட்டினியில இருந்த அந்த நேரத்துல, சீலியாக் குழந்தைங்க மட்டும் தேறிக்கிட்டு இருந்தாங்க. போர் முடிஞ்சு ரொட்டி திரும்பி வந்ததும் நோயும் திரும்பி வந்துடுச்சு. டிக்கெ 1950-ல இதை ஆய்வேடா எழுதினார். அடுத்த சில வருஷத்துல அவரும் கூட்டாளிகளும் குற்றவாளி கோதுமையில இருக்கிற குளூட்டன்னு உறுதி பண்ணினாங்க. மைதாவைப் பிசைஞ்சா இழுவையா ஒரு பிசின் மாதிரி வருதே, பரோட்டா மாஸ்டர் வீசற வீச்சுக்கெல்லாம் தாங்குதே, அந்தப் புரதம்தான்.

சீலியாக் உள்ளவங்க உடம்பு இந்தப் புரதத்தைப் பாத்ததும் தன் சிறுகுடலையே தாக்க ஆரம்பிச்சுடும். குடலோட உள்சுவர்ல சத்தை உறிஞ்சற விரல் மாதிரியான மடிப்புகள் தேஞ்சு தட்டையாயிடும். ரத்தசோகை, எலும்புத் தேய்மானம், குழந்தைங்களுக்கு வளர்ச்சிக் குறைவுன்னு வரிசையா வரும். மருந்து கிடையாது, ஆயுசுக்கும் பத்தியம்தான். ஒரு நாளைக்கு 50 மில்லிகிராம் குளூட்டன் தொடர்ந்து உள்ள போனாலே குடல் பாதிக்கப்படும்னு ஆய்வு காட்டியிருக்கு. அதனால 'ஒரே ஒரு கடி கடிச்சுக்கோப்பா, ஒண்ணும் ஆகாது'ன்னு அன்பா வற்புறுத்தறது இவங்க விஷயத்துல அன்பு இல்லை.

அரிசிக்காரர்கள் கொண்டு வந்த கோதுமை

நம்ம பக்கம் இந்த நோய் ஏன் அவ்வளவா கேள்விப்படல? 2016-ல வெளிவந்த ஒரு இந்திய ஆய்வு 23,000 பேருக்கு மேல பரிசோதிச்சுது. வடக்கே 1.23 சதவீதம், வடகிழக்கே 0.87, தெற்கே 0.10. இந்த நோய்க்குத் தோதான மரபணு மூணு பக்கமும் கிட்டத்தட்ட மூணுல ஒருத்தருக்கு இருக்கு. வித்தியாசம் தட்டுல. ஒருத்தர் ஒரு நாளைக்குச் சாப்பிடற கோதுமை வடக்கே 455 கிராம், வடகிழக்கே 37, தெற்கே 25. வடகிழக்கு எண்ணைப் பாத்தா கோதுமை ஒண்ணு மட்டுமே காரணம்னு சொல்லிட முடியாது. ஆனா தெற்கே நாம தப்பிச்சதுக்கு நம்ம சோத்துப் பானைக்கும் ஒரு பங்கு இருக்கு.

அந்த 25 கிராம் நம்ம தட்டுக்கு வந்த கதையும் சுவாரஸ்யம்தான். 1956-ல பி.எல். 480 சட்டத்தின்கீழ அமெரிக்காவோட முதல் ஒப்பந்தம். அப்புறம் கப்பல் கப்பலா கோதுமை வந்துது. அறுபதுகளின் நடுவுல ரெண்டு வருஷம் தொடர்ந்து பஞ்சம். 1966-ல மட்டும் சுமார் ஒரு கோடி டன் உணவு தானியம் இந்தியாவுக்கு இறக்குமதியாச்சு, அதுல பெரும்பகுதி அமெரிக்காவுலேர்ந்து. அரிசித் தட்டுப்பாட்டுக் கோபம் 1967 தேர்தல்ல இங்க ஆட்சியையே மாத்தினது எல்லாருக்கும் தெரியும். அதே நேரம் மெக்சிகோவுலேர்ந்து 18,000 டன் குட்டை ரகக் கோதுமை விதையை இறக்குமதி பண்ணி, பசுமைப் புரட்சிக்கு வழி போட்ட மத்திய உணவு அமைச்சர் யார்? பொள்ளாச்சிப் பக்கத்து சி.சுப்பிரமணியம். விஞ்ஞானி யார்? கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ்.சுவாமிநாதன். ரெண்டு அரிசிச் சாப்பாட்டுக்காரங்க சேர்ந்து நாட்டுக்கே கோதுமை போட்டாங்க! அவங்க தீர்த்தது கோடிக்கணக்கானவங்க பசியை. சீலியாக்குக்கு அந்த விதை மேல பழி போடறவங்களும் உண்டு. ஆனா டாக்டர் ஜீ எழுதினது 1888-லங்கறதை மறந்துடக்கூடாது.

குதிரைக்குப் போட்டது

அடுத்து ஓட்ஸ். சாமுவேல் ஜான்சன் 1755-ல போட்ட ஆங்கில அகராதியில ஓட்ஸுக்கு அர்த்தம் எழுதும்போது, இங்கிலாந்துல குதிரைக்கும் ஸ்காட்லாந்துல மனுஷனுக்கும் உணவுன்னு ஸ்காட்லாந்துக்காரங்களை ஒரு குத்து குத்தியிருப்பார். நமக்கு இதுல சிரிக்க உரிமை இல்லை. கொள்ளை அவங்க குதிரைக்குப் போட்டாங்க, நாம ரசம் வெச்சோம், துவையல் அரைச்சோம் :-)

இந்தியாவுலயும் ஓட்ஸ் ரொம்ப காலம் கால்நடைத் தீவனப் பயிராத்தான் விளைஞ்சுது. நம்ம மளிகைக் கடை அலமாரிக்கு அது டப்பாவுல ஏறினது பெரும்பாலும் 2000-களுக்கு அப்புறம், சுகர், கொலஸ்ட்ரால் பேச்சோட சேர்ந்து. டாக்டர் சொன்னார்னு வாங்கி, ரெண்டு நாள் கஞ்சி வெச்சுக் குடிச்சுட்டு, மூணாவது நாள் உப்புமா பண்ணாத வீடு தாம்பரம் வட்டாரத்துல உண்டா?

ஓட்ஸ்ல கோதுமைக் குளூட்டன் இயற்கையா கிடையாது. அப்போ பிரச்சினை தீர்ந்துதான்னா, இல்லை. கோதுமை விளைஞ்ச வயல்ல, கோதுமை அள்ளின லாரியில, கோதுமை அரைச்ச ஆலையில ஓட்ஸும் புழங்குது. வழியெல்லாம் கலப்படம். அதனால 'குளூட்டன் இல்லை'ன்னு அச்சடிச்ச பாக்கெட்தான் வாங்கணும். நம்ம நாட்டு உணவுப் பாதுகாப்பு விதிப்படி அப்படி அச்சடிக்க, ஒரு கிலோவுல 20 மில்லிகிராமுக்கு மேல குளூட்டன் இருக்கக்கூடாது. இன்னொரு சிக்கல், ஓட்ஸுக்கே சொந்தமா அவெனின்னு ஒரு புரதம் இருக்கு. சீலியாக் உள்ளவங்கள்ல ஒரு சின்னப் பகுதிக்கு அதுவும் ஒத்துக்காது.

இந்த இடத்துல ஒரு பொறியியல் கேள்வி. ஓட்ஸ் இந்தக் குக்கியில செய்யற வேலை என்ன? பாகைக் குடிச்சு, உடம்பு கொடுத்து நிக்கறது. ஓட்ஸை எப்படிச் செய்யறாங்க? தானியத்தை ஆவியில வேக வெச்சு, உருளையில நசுக்கித் தகடாக்கறாங்க. நம்ம ஊர்ல நெல்லை ஊற வெச்சு, வறுத்து, இடிச்சுத் தகடாக்கினா அதுக்கு என்ன பேர்? அவல்! வேற தானியம், கிட்டத்தட்ட அதே உத்தி. அரிசியில குளூட்டனும் கிடையாது, அவெனினும் கிடையாது. விலையும் நம்ம பக்கம். குசேலன் முடிஞ்சு கொண்டு போன ஒரு பிடி அவலை நம்பினேன்.

குற்றாலத்துக் கோகோ

சாக்லேட்டுக்கு வருவோம். தென்காசிப் பக்கத்துக்காரனான எனக்கு இதுதான் பெரிய ஆச்சரியம். இந்தியாவுல கோகோ முதல்முதலா மண்ணைத் தொட்ட இடம் குற்றாலம்! வருஷம் 1798.

பின்னணி இது. கிராம்பும் ஜாதிக்காயும் விளையற மொலுக்காஸ் தீவுகளை டச்சுக்காரங்க இறுக்கிப் பிடிச்சு வெச்சிருந்தாங்க. 1796-ல ஆங்கிலேயர் அம்பொய்னா தீவைப் பிடிச்சதும், அங்கிருந்த செடிகளைத் தங்களோட இடங்களுக்கு அள்ளிக்கிட்டு வர ஆரம்பிச்சாங்க. மழையும் சாரலும் நிழலும் இருக்கிற இடம் தேடினப்ப, குற்றாலம் கண்ணுல பட்டுது. அம்பொய்னாவுலேர்ந்து வந்த கிரியோலோ ரகக் கோகோவை அங்க எட்டுச் சின்னத் தோட்டங்கள்ல கிழக்கிந்தியக் கம்பெனி நட்டுது.

அதே 1798 செப்டம்பர்ல, அதே நெல்லைச் சீமையின் பாளையக்காரர் கட்டபொம்மன், கலெக்டர் ஜாக்சனைப் பாக்க ராமநாதபுரத்துக்கு அலைஞ்சுகிட்டு இருந்தார். ஆமாங்க, சிவாஜி 1959-ல கர்ஜிச்சாரே, அதே சந்திப்புதான். அடுத்த வருஷம் அக்டோபர் 16-ஆம் தேதி கயத்தாறுல கட்டபொம்மனைத் தூக்குல போட்டாங்க. ஒரு பக்கம் வரி கேட்டுப் பீரங்கி, இன்னொரு பக்கம் அருவிக்கரையில கோகோக் கன்னு. ரெண்டும் ஒரே கம்பெனியோட கணக்குப் புத்தகத்துல வர்ற வரிகள்.

இன்னொண்ணும் கவனிங்க. 1798-ல இன்னைக்கு நாம கடிச்சுத் தின்கிற சாக்லேட் பார் உலகத்துலயே கிடையாது. அது ஒரு பானம், அவ்வளவுதான். 1828-ல டச்சுக்காரர் வான் ஹூட்டன் கோகோவிலிருந்து கொழுப்பைப் பிழிஞ்செடுத்துத் தூளாக்கற அழுத்த எந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். நம்ம குக்கிக்குப் போடற கோகோத் தூள் அந்த எந்திரத்தோட வாரிசு. 1847-ல இங்கிலாந்துல ஃப்ரை கம்பெனி அந்தத் தூளோட கொழுப்பையும் சர்க்கரையையும் சேர்த்துக் கட்டியாக்கினாங்க. 1875-ல சுவிட்சர்லாந்துல டேனியல் பீட்டர் பால் சேர்த்தார். ஆக, முதல் சாக்லேட் பார் வர்றதுக்கு 49 வருஷம் முன்னாடியே குற்றாலத்துல கோகோ நட்டாச்சு.

ஆனா அது பயிராப் பரவல. நீலகிரி அடிவாரத்துல கல்லாறு, பர்லியாறு பழப்பண்ணைகள்லயும் கோகோ மரங்கள் நின்னுது, வேடிக்கைப் பொருளா. வாங்க ஆள் இல்லாத விளைச்சலை எந்த விவசாயி நடுவான்? கேட்பரி 1948-ல இந்தியாவுக்கு வந்துது. 1960-களில் கேரளாவுல கோகோ விவசாயத்தை ஊக்குவிச்சு, விளைஞ்சதை வாங்கவும் ஆரம்பிச்ச பிறகுதான் நிலைமை மாறிச்சு. இன்னைக்கு ஆந்திரா, கேரளா, கர்நாடகா, தமிழ்நாடு நாலும் விளைவிக்குது. நம்ம பக்கம் பொள்ளாச்சி, ஆனைமலைத் தென்னந்தோப்புகள்ல ஊடுபயிரா நிக்குது. சி.எஸ். பிறந்த வட்டாரத்துல இப்ப கோகோ. வரலாறு இப்படித்தான் கண்ணடிக்கும்.

சாக்லேட் வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. வெறும் கோகோத் தூள்ல குளூட்டன் கிடையாது. ஆனா பால்ல கலக்கற சாக்லேட் பானத் தூள் வேற. ஹார்லிக்ஸ், போர்ன்விட்டா வகையறாவுல பார்லி மால்ட் இருக்கும். பேரைப் பாத்து ஏமாந்துடாதீங்க, பொடி எழுத்தைப் படிங்க.

பொருள் விளங்கா உருண்டை

கடைசியா அவன். நம்ம பாட்டிகள் யாரும் அவன் வெச்சிருக்கல. பலகாரத்தை நிக்க வைக்க அவங்க நம்பினது பாகு. எள்ளுருண்டை, கடலை மிட்டாய், பொரி உருண்டை எல்லாமே அடுப்புல பாகு காய்ச்சி, தானியத்தையோ பருப்பையோ கொட்டிக் கிளறி, சூடு ஆறதுக்குள்ள பிடிக்கிறதுதான். பொரிவிளங்காயைப் பொருள்விளங்கா உருண்டைன்னு சொல்றதுண்டு. உள்ள என்னென்ன போட்டிருக்குன்னு விளங்காது, கடிச்சா பல்லும் விளங்காது. கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020-ல புவிசார் குறியீடு கிடைச்சுது, பழனி பஞ்சாமிர்தத்துக்கு அதுக்கு முந்தின வருஷம். ரெண்டுலயும் கோதுமை இல்லை, அவனும் இல்லை.

அதனால பாதிரியார் குக்கியை எங்க அத்தை பாத்ததும், "இது நம்ம உருண்டைல்லா? சப்பையாத் தட்டிருக்கான், அம்புட்டுதான்"ன்னு ஒரே வரியில முடிச்சுட்டாங்க. அமெரிக்கக் குறிப்புகள்ல பாதிக்கு மேல புலம்பல் ரெண்டே ரெண்டு. ஒண்ணு, குக்கி இறுகவே இல்லை. இல்லன்னா பொடிப்பொடியா உதிருது. ரெண்டும் பாகுப் பதக் கோளாறுதான். வெள்ளைக்காரன் தெர்மாமீட்டர்ல 112-லிருந்து 116 டிகிரி செல்சியஸ்ங்கறான். அத்தை கிண்ணத்துத் தண்ணியில ஒரு சொட்டு விட்டு, விரலால உருட்டிப் பாக்கறாங்க. நான் தெர்மாமீட்டரோட நின்னேன், அவங்க கிண்ணத்தோட நின்னாங்க. "மருமவனே, பதம் வந்துட்டு, எறக்கு"ன்னாங்க. தெர்மாமீட்டர் 112 காட்டிச்சு. அதுக்கப்புறம் அந்தத் தெர்மாமீட்டரை நான் அவங்க முன்னாடி எடுக்கறதில்லை.

செய்முறை (12-லிருந்து 14 வரும்): கெட்டி அவல் 135 கிராமை வெறும் வாணலியில மொறுமொறுன்னு வறுத்து, கையால லேசா நொறுக்கி வெச்சுக்கங்க. சர்க்கரை 200 கிராம், வெண்ணெய் 55 கிராம், பால் 60 மில்லி, கோகோத் தூள் 20 கிராம், சிட்டிகை உப்பு. இதையெல்லாம் அடிகனமான பாத்திரத்துல கிளறிக்கிட்டே கொதிக்க விடுங்க. தண்ணியில விட்ட சொட்டு கரையாம மெத்துனு உருண்டா இறக்கிடுங்க. வறுத்து அரைச்ச நிலக்கடலை விழுது 60 கிராம், ஏலக்காய்த் தூள், அவல் சேர்த்து வேகமாக் கிளறி, நெய் தடவின தட்டுல கரண்டியால வெச்சு லேசாத் தட்டுங்க. ஓட்ஸ்தான் வேணும்னா அதே அளவு, சான்று பெற்ற பாக்கெட். நம்ம ஊர் ஈரக்காத்துக்கு வெளிய வெச்சா பிசுபிசுக்கும். அரைமணி ஃப்ரிட்ஜ்ல வெச்சு, காத்துப் புகாத டப்பாவுல போட்டுடுங்க. முக்கியம், மைதா புழங்கின சல்லடை, மரக்கரண்டி வேண்டாம். நல்லாக் கழுவின பாத்திரம், தனிக் கரண்டி.

அடுத்த பொறந்தநாளுக்கு டப்பாவோட போனேன். பையன் முதல்ல என்னென்ன போட்டேன், எந்தப் பாத்திரத்துல செஞ்சேன்னு பத்துக் கேள்வி கேட்டான். ஆயுசுக்கும் கேட்டே ஆகணும் அவன். எல்லாத்துக்கும் பதில் வாங்கிட்டு, எட்டு சாப்பிட்டான்.

கொசுறு 1: அவனோட இட்லி நிம்மதியிலும் ஒரு ஓட்டை இருந்துது. சாம்பார்ல போடற பெருங்காயம். சுத்தப் பெருங்காயம் காரம் தாங்காதுங்கறதால கடையில விக்கற தூளும் கட்டியும் பெரும்பாலும் மாவு கலந்த கலவைதான். பல தயாரிப்புல அந்த மாவு கோதுமை. சிலதுல அரிசி மாவு. ரவா தோசை, கேசரி, சேமியா பாயசம் கோதுமைன்னு நமக்குத் தெரியும், சாம்பாரை யார் சந்தேகப்படுவா? இன்னைக்கே உங்க வீட்டுப் பெருங்காய டப்பாவைத் திருப்பிப் படிச்சுட்டு என்ன மாவுன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க. பையனுக்கு ஒரு பட்டியல் போட்டுக் கொடுக்கணும்.

கொசுறு 2: இதைப் படிச்சுட்டு 'எனக்கும் வயிறு உப்புது'ன்னு நீங்களா கோதுமையை நிறுத்திடாதீங்க. நிறுத்திட்டு ரத்தப் பரிசோதனைக்குப் போனா நோய் இருந்தாலும் இல்லைன்னு வரலாம். முதல்ல டாக்டர், அப்புறம் பத்தியம்.